ஏழாவது பாட்டின் நடுவில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் இரண்டு டச்சு இளைஞர்கள் சிந்தசைசர் வைத்துப் போட்ட பாட்டுத் தட்டு அது. அப்போது யாரும் வாங்கவில்லை. இப்போது இணையத்தில் யாரோ ஏற்றியிருந்தார்கள். நெதர்லாந்தின் ஊத்ரெக்ட் நகர அலுவலகத்தில் துஷ்யந்தியோடு வேலை செய்பவர் அதை அனுப்பி, ஏழாவது பாட்டின் நடுவே ஒருவர் பேசுவது உன்னுடைய மொழியா என்று கேட்டார்.

கேட்டவள் அந்த இடத்தைத் திரும்பவும் போட்டாள். அந்த இயந்திரத் தாளத்துக்கு மேலே பேசியது, பதினொரு வருடங்களுக்கு முன் இறந்துபோன அவளுடைய அப்பா.

"வதனி, நான் வந்து சேர்ந்திட்டன். இங்க ஒரே குளிர். நீர் எப்ப வாறீர்?"

ஆனால் அம்மாவின் பெயர் பரமேஸ்வரி. கல்யாணம் பேசி அவள் இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். பாட்டோடு ஏற்றியிருந்த தட்டின் அட்டைப் படத்தில், பின்புறம், உணவகத்தில் எங்களோடு கோப்பை கழுவிய நண்பருக்கு நன்றி என்று மட்டும் இருந்தது.

மூன்று நாள் துஷ்யந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹெட்போனை மாட்டுவாள், அம்மா வந்தால் கழற்றிவிடுவாள். நாலாம் நாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நீட்டினாள்.

"என்னத்தைக் கேட்டு இப்பிடி அந்தரப்படுறாய்? கொண்டா."

துஷ்யந்தி ஹெட்போனைக் கொடுத்து ஏழாவது பாட்டைப் போட்டாள். அம்மா காதில் மாட்டிக்கொண்டாள். பாட்டு முடிந்த பிறகும் கழற்றவில்லை.

"என்னோட ஒருநாளும் இவ்வளவு மெதுவாக் கதைச்சதில்லை" என்றாள். பிறகு, "இன்னொருக்காப் போடு பிள்ளை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடு."