மாடிப் பெட்டி சொன்ன பதில்

ஒரு நகரத்து மொட்டை மாடியில் காற்றின் மாசை அளக்கும் பெட்டி ஒன்று இருந்தது. உச்சிவேளையில் வானத்தைக் கடந்த செயற்கைக்கோள் அதனிடம் கேட்டது:

"பெட்டி அண்ணே, உங்க ஊர் வண்டிப் புகை வெயில்ல வேகுறது எனக்குத் தெரியுது. அது ஓசோனா மாறினா மூச்சை அடைக்கும். ஆனா நடுவுல, உயரத்துல இருக்கிற ஓசோன் போர்வை மறைக்குது. தரையில எவ்வளவுன்னு நீங்க சொன்னாத்தான் உறுதி. எப்படி இருக்கு?"

பெட்டியின் முள் சிவப்பில் நடுங்கிக்கொண்டிருந்தது. முன்பு அதே மாடியில் இருந்த பெட்டி உண்மையைச் சொன்னது. மறுநாளே நகராட்சி ஆட்கள் அதைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றது பெட்டி.

"நான்தான் வீணாப் பயந்துட்டேன்" என்று செயற்கைக்கோள் நகர்ந்தது.

பக்கத்து மரத்து அணில் ஓடிவந்தது. "அப்போ என் பிள்ளையை வெளியே விளையாட விடலாமா?"

பெட்டி குரலைத் தாழ்த்தியது. "வேண்டாம்மா. பொழுது சாயுறவரைக்கும் பொந்துக்குள்ளேயே வெச்சுக்கோ."

அணில் ஓர் அடி பின்வாங்கியது. "இப்போதானே மேலே வேற மாதிரி சொன்னே?"

"மெதுவாப் பேசு. யாராவது கேட்டுடப் போறாங்க."

அணில் பிள்ளையைத் தேடி ஓடியது.

முதல் பதிலை மட்டும் கேட்ட கிளிக்கூட்டம் நீல வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் இளங்கிளி ஒன்று மாடியில் வந்து விழுந்தது. அலகைத் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை.

"சிவப்பு! நான் பொய் சொல்லிட்டேன், சிவப்பு!" என்று பெட்டி வானத்தைப் பார்த்து அலறியது.

செயற்கைக்கோள் அதற்குள் கடலுக்கு அப்பால் போயிருந்தது. மற்ற கிளிகள் இன்னும் பறந்துகொண்டிருந்தன.