குதிரைக்குக் கண் திறந்த சனிக்கிழமை

குதிரைக்கு இன்னும் கண் எழுதவில்லை.

மற்றதெல்லாம் ஆகிவிட்டது. நீலமும் சாம்பலுமாய்க் கரைந்து ஓடுகிற மங்கோலியப் புல்வெளி. தோளில் சிறகு முளைத்த வெள்ளைக் குதிரை. அதன்மேல் தொப்பி போட்ட ஒரு ஆள். கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் காகிதம்.

ஹவெல் டவுன் லைப்ரரி ஹாலில் கண்காட்சி நடத்துகிற வெள்ளைக்கார அம்மாள், அரைகுறைப் படத்தைச் சுவரில் மாட்ட மாட்டேன், பத்தரைக்கு லிஸ்ட்டை மூடிவிடுவேன் என்றாள்.

பத்தரைக்கு மேல் ஒரே ஒரு நிமிஷம், அப்புறம் நீங்களே ஆணி அடிப்பீர்கள் என்றாள் படம் வரைந்த ஷ்யாமளா.

சனிக்கிழமை ராகு காலம் பத்தரை வரை. ஆஸ்பத்திரி லேபில் எட்டு வருஷமாக ரத்தம் பார்க்கிறவள், இதையெல்லாம் அந்த அம்மாளிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. வாட்டர்கலர் காயணும் என்று சொல்லிவிட்டாள்.

கூட வந்த நாகலக்ஷ்மிதான் விடவில்லை. மாம்பலத்திலிருந்து எண்பத்தைந்தாம் வருஷத்துப் பஞ்சாங்கம் வந்தால் போதுமா, நியூஜெர்ஸியில் இன்றைக்குச் சூரியன் எழுந்ததே ஏழு மணிக்கு, அந்தக் கணக்கில் ராகு காலம் பதினொன்று தாண்டித்தானே முடியும் என்று பின்னாலேயே வந்தாள். என் கையில் கட்டியிருக்கிற வாட்ச்தான் எனக்குப் பஞ்சாங்கம் என்று ஷ்யாமளா முடித்துவிட்டாள்.

படத்தில் இருக்கிற கதை கெர்மென் சொன்னது. லேபில் பக்கத்து மைக்ரோஸ்கோப். இந்த ஊரில் வந்து குடியேறிய கல்மிக் மங்கோலியக் குடும்பத்துப் பெண். சாப்பாட்டு வேளையில் தயிர்சாதத்தை ஒரு கை பார்த்துக்கொண்டே சொன்னாள். தூர தேசத்தில் இருக்கிற பிரியமானவளைப் பார்க்க ஒருவன் ராத்திரிதோறும் பறக்கிற குதிரையில் போவானாம். விடிவதற்குள் திரும்பிவிடுவானாம்.

பத்து இருபத்தொன்பது.

கண் திறந்ததும் முதல் பார்வை சுமங்கலிமேல் விழணும் என்று, பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாய் நாகலக்ஷ்மி படத்துக்கு நேர் எதிரில் போய் நின்றுகொண்டாள். அதற்காகவே எடிசனிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள், பாவம்.

ஷ்யாமளா பக்கவாட்டில் நின்று பிரஷ்ஷை நனைத்தாள். நாகலக்ஷ்மியைக் கொஞ்சம் நகரச் சொன்னாள். வாசல் பக்கம் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற கெர்மெனைக் கைகாட்டி அழைத்து, அந்த இடத்தில் நிறுத்தினாள்.

நாகலக்ஷ்மி காதோரம் வந்தாள். “அவ வேண்டாம்டி. ஹஸ்பண்ட் போய் ஆறு மாசங்கூட ஆகல.”

“குதிரை யாரைப் பாக்க வந்திருக்கோ, அவளைத்தானே மொதல்ல பாக்கணும்?”

நாகலக்ஷ்மி அப்போதுதான் படத்தில் தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள். ஷ்யாமளாவைப் பார்க்க லேபுக்குப் போனபோது கெர்மெனின் மேஜைமேல் இருந்த புருஷன் போட்டோவை அவளும் பார்த்திருக்கிறாள்.

பத்து முப்பத்தொன்று. கறுப்பு. இரண்டு பொட்டு.

லிஸ்ட்டோடு நின்ற அம்மாள் சுத்தியலைத் தேடிப் போனாள்.

கெர்மென் குதிரையைப் பார்க்கவே இல்லை. மேலே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துத் தன் பாஷையில் என்னவோ சொன்னாள். ஷ்யாமளாவுக்கு அந்த பாஷை தெரியாது. ஆனாலும், சொன்ன நேரத்துக்கு வீடு வராத புருஷனைத் திட்டுகிற குரல் எந்த பாஷையிலும் ஒன்றுதான்.