மோப்பக்காரர்

பழைய சாமான் கடையில் வாங்கிய நீல டிரம்மை, விருந்து வைக்கும் வீட்டுக்காரர் தட்டிப் பார்த்தார்.

"முன்னாடி இதுல என்ன இருந்துச்சோ. முந்நூறு பேர் ஜூஸ் குடிக்கப் போறாங்க."

"நம்ம மோப்பக்காரர் எதுக்கு இருக்கார் மாமா?" என்றான் மருமகன்.

சமையல்காரரின் பட்டப்பெயர் அது. பால் திரிந்ததை மூடி திறக்காமலே சொல்லிவிடுவார். அவர் டிரம்முக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார்.

"பூச்சிமருந்து வாடை, எண்ணெய் வாடை எதுவும் கிடையாது. தாராளமா ஊத்துங்க."

அவர் சொன்னால் அப்புறம் அப்பீல் இல்லை.

டிரம் பாதி காலியானபோது, சமையல்காரரின் மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தாள்.

"பால் அடிப்பிடிச்சு வாசல் வரைக்கும் நாறுது. அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு வெங்காயம் நறுக்குறீங்க."

கத்தி நின்றது.

"போன மாசம் ஜுரம் வந்ததுல இருந்தே மூக்கு செத்துப்போச்சு. வெளிய சொன்னா யார் வேலைக்குக் கூப்பிடுவாங்க?"

அவள் மூலையில் இருந்த ஜூஸ் டிரம்மைப் பார்த்தாள். "அப்ப இதுல எதை மோந்தீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் மருமகன் காலித் தம்ளர்களோடு சிரித்துக்கொண்டே வந்தான்.

"ரெண்டு மூணு பேர் ஜூஸ்ல ஏதோ மருந்து வாடை வருதுன்னாங்கண்ணே. நீங்க மோந்து பார்த்ததுன்னு சொன்னேன். மறுபேச்சு இல்லாம குடிச்சுட்டாங்க."