ரூட் ஆனவர்

பத்து மணிக்கு ஆன்லைன் தேர்வு. ஒன்பதே முக்காலுக்குக் கல்லூரி சர்வர் தேர்வுப் பக்கத்தைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. காய்ச்சலென்று லீவில் இருந்த சர்வர் நிர்வாகியைப் போனில் பிடித்தார் முதல்வர்.

"வீட்டுல இருந்தே உள்ள நுழைய முடியுமா தம்பி?"

"முடியும் சார். சாதாரண ஆளா நுழைஞ்சு, அப்புறம் ரூட் ஆகணும்."

"ரூட்டுன்னா?"

"அந்த மெஷினுக்கு முதல்வர் மாதிரி சார். அவர் சொன்னா மறுபேச்சே கிடையாது."

முதல்வருக்கு உச்சி குளிர்ந்தது. மறுமுனையில் கீபோர்டு படபடத்தது.

"ரூட் ஆயாச்சு சார். டிஸ்க் நிரம்பிக் கிடக்கு. பழைய ஃபைலை அழிச்சாப் போதும்."

ஒன்பது ஐம்பத்தெட்டுக்குப் பக்கம் திறந்தது.

"அசத்திட்டீங்க! வீடியோவுக்கு வாங்க, முகத்தைப் பார்த்து நன்றி சொல்லணும்."

"வேணாம் சார்..."

"அட, வாங்கன்னா!"

திரையில், பின்னால் கட்டிலில் போனைக் காதில் வைத்தபடி போர்வைக்குள் சுருண்டு கிடந்தார் நிர்வாகி. கீபோர்டில் கை வைத்து உட்கார்ந்திருந்தது அவர் மனைவி. "ஏழு வருஷம் குழந்தை வளர்த்தவங்களுக்கு சர்வரைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று போன மாத இன்டர்வியூவில் இதே முதல்வர் திருப்பி அனுப்பிய பெண்.

"ஏதோ சொல்லணும்னீங்களே சார்," என்று சிரித்தாள் அவள். "சொல்லுங்க, கேட்டுக்கறேன்."