சனிக்கிழமை பேட்டரி

"வெயிலுக்கு யாராவது காசு கேப்பாங்களா அக்கா? அது சும்மாதானே கெடைக்குது!" என்றான் ஹஸன், சோலார் தகட்டைத் துடைத்துக்கொண்டே.

கஹவத்தை டவுனிலிருந்து அதை விற்கத் தோளில் சுமந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்குகிறவன். காலையிலிருந்து ஒன்றுகூட விற்கவில்லை, பாவம்.

"எங்க தோட்டத்துல வெயில எங்க தம்பி கண்டீங்க? பாதி வருஷம் மழை," என்றாள், கொழுந்து பறித்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்த அழகம்மா. "கூரைத் தகரத்துல ஓட்டை போட்டா தோட்டத்துத் தொரை சும்மா விடுவாரா? மூணு வருஷம் தவணை யாரு கட்டுறது?"

"லாம்பெண்ணெய், பேட்டரி சார்ஜ், பஸ் காசு எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. தவணை அதவிடக் கொறைவு."

அவன் சொல்வது சரிதான் என்று அழகம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவள் கவலை வேறு.

முன்பெல்லாம் டிவி பேட்டரியை டவுனுக்குச் சார்ஜ் பண்ணக் கொண்டுபோனவள் மகள் பிரேமலதா. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பேட்டரி மட்டும் பஸ்ஸில் திரும்பி வந்தது. சார்ஜ் கடை சுனிலோடு அவள் கல்யாணத்தைப் பதிந்துவிட்டாளாம். "இனிமே அவ பேரு இந்த வீட்டுல கேக்கக்கூடாது!" என்று புருஷன் முத்துவீரன் போட்ட கூச்சலில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போவது அழகம்மாதான். சார்ஜ் ஏறி முடிகிறவரை பேரன் அவள் மடியில். முத்துவீரனுக்குத் தெரிந்தால் தொலைந்தாள். சோலார் வந்தால் சனிக்கிழமையும் போச்சு, பேரனும் போச்சு.

தேயிலைப் பெக்டரியில் ராத்திரி வேலை முடித்துக் காலையில் வந்திருந்த முத்துவீரன், கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஹஸன் குனிந்து பேட்டரியைப் பார்த்தான்.

"புதுசு மாதிரி ஈக்குதே அண்ணே! இதையா கிழமைக்கு ஒருக்கா சார்ஜ் பண்றீங்க?"

"வெள்ளிக்கிழமையானா செத்துப்போவுது தம்பி. ஆமா, இந்தத் தகடு வாங்கினா பேட்டரிய டவுனுக்குக் கொண்டுபோகவே வேணாமா?"

"ஒருநாளும் வேணாம்!" ஹஸன் முகம் மலர்ந்தது.

"அப்ப எங்களுக்கு வேணாம். பக்கத்து வீட்டுக் காம்பராவுல கேட்டுப் பாருங்க," என்றார் முத்துவீரன்.

ஹஸன் திருதிருவென்று விழித்தான். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தகட்டைத் தூக்கிக்கொண்டு போனான்.

அப்பாடா! அழகம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "ஏங்க வேணாம்னு சொன்னீங்க?" என்றாள்.

முத்துவீரன் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பிரித்தால், சின்னக் காலுக்கு, உள்ளங்கை அளவில் ஒரு ஜோடி சப்பாத்து.

"நாளைக்குப் பேட்டரியோட இதையும் கொண்டுபோ. பய நடக்கிறானாமே!" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "பேட்டரில ஒரு கோளாறும் இல்லன்னு சுனில்கிட்ட சொல்லிடு. வெள்ளிக்கிழமை நீ கொழுந்துக்குப் போனதும், பட்டப்பகல்ல டிவியப் போட்டு வைக்கிறது நான்தான்."