கழற்றி வைத்துவிட்டுச் சொன்னது

முப்பத்தொரு மணி நேரம் வீட்டுக்குப் போகாமல், அந்தப் பெண் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் பெரிய பம்பை ஓடவைத்திருந்தாள். ஊருக்குத் தண்ணீர் நிற்கவில்லை. இப்போது வேலையை விடுகிறேன் என்று தலைமைப் பொறியாளர் குணசீலனின் எதிரே வந்து நின்றாள். அவளை விட்டால் அந்தப் பம்பைத் தொட வேறு ஆளில்லை.

"ஏம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"நீங்கதான் சார். 'அசத்திட்டே, நீ இல்லேன்னா இந்த ஆலையே இல்லை'ன்னு காதுல நாலு தடவை சொன்னீங்க."

ஆலையில் எல்லோர் காதிலும் ஒரு கருவி இருந்தது. யார் நன்றாக வேலை செய்தாலும் அதுவே கவனித்து, குணசீலனின் குரலிலேயே பாராட்டிவிடும். நேரில் பேசும்போதும் என்ன சொல்வது என்று அவர் காதில் எடுத்துக் கொடுக்கும். ஆறு வருடமாக அவர் தன் வாயால் யாரையும் பாராட்ட வேண்டியிருக்கவில்லை.

"கேன்டீன்ல தட்டு கழுவுற அண்ணனுக்கும் அதையேதான் சொன்னீங்களாம். ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்." இப்போது அவள் சிரிக்கவில்லை. "உங்க காதுல இருக்கிறதையும் கழட்டுங்க சார். அது எடுத்துக் குடுக்காம, எனக்குன்னு ஒரு வார்த்தை நீங்களா சொல்லுங்க. சொன்னா நான் போகல."

அவர் கழற்றி மேசைமேல் வைத்தார். அவளைக் கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்கலாம் என்று வாயைத் திறந்தார். தூக்கத்துக்குக் கெஞ்சும் கண்களோடு அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"உன் பேரு எனக்குத் தெரியாதும்மா" என்றார்.