இரண்டு இருமல் எண்ணெய்

"ஃபாதர், நெஞ்சைத் திறந்து தைச்ச உடம்பு இது. இந்த வெயில்ல வீடு வீடா எண்ணெய் நக்கிக்கிட்டு அலையணும்னு எந்த டாக்டர் சொன்னார்?"

கிண்ணத்தை நீட்டியபடியே கேட்டாள் கரிஃபல்யா. ஊரில் அவள் வாய்க்குத் தப்பியவர் கிடையாது.

குருவானவர் மனூசோஸ் கிண்ணத்தை வாங்கி இரு கைகளாலும் பொத்திச் சூடாக்கினார். கையை விலக்கி மோந்தார். ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடிக் காத்திருந்தார். இருமல் வரவில்லை.

"பறிச்ச ஆலிவ் காயை மூட்டையிலேயே போட்டு வெச்சிருந்தியா?"

"செக்குல கூட்டம். நான் என்ன பண்ண?"

"லேசா வாடை ஏறியிருக்கு. சமைக்கலாம், தப்பில்லை. ஆனா ரெண்டாம் தரம்தான். நான் தேடற வீடு இது இல்லை."

"அப்பாடா. படம் தூக்கற வேலை எனக்கு மிச்சம்" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கிரீட் தீவின் அந்த மலையூரில், புனித பந்தலேமோன் கோயில் விளக்குக்கு ஊரார்தான் எண்ணெய் தருவார்கள். தருகிறவர் பெயர் தெரியக்கூடாது. பாட்டிலை வாசல் மாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பெயர் தெரியாத தானமென்றால் மனிதக் கை எதை எடுக்கும்? முதல் தரம் வீட்டு ரொட்டிக்கு, இரண்டாம் தரம் வாணலிக்கு, வாயில் வைக்க முடியாத மூன்றாம் தரம் புனிதருக்கு. அவர் என்ன தொட்டுக்கொண்டு சாப்பிடவா போகிறார் என்பது ஊர் நியாயம்.

ஆனால் ஈஸ்டருக்குப் பிறகு மாடத்தில் வாரம் ஒரு பாட்டில் வேறு மாதிரி வர ஆரம்பித்தது. மனூசோஸ் ஒரு நாள் விளக்கில் ஊற்றும்போது, விரலில் வழிந்ததை நாக்கில் வைத்தார். அப்போதுதான் அறுத்த புல்லின் மணம். நாக்கில் கசப்பு. பிறகு தொண்டையில் மிளகு கடித்த காரம். ஒரு இருமல் வந்தது, பின்னாலேயே இன்னொன்று. கசந்து காறினால்தான் உயர்ந்த எண்ணெய் என்பது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். இரண்டு இருமல் எண்ணெயைத் திரியில் எரிக்கிற புண்ணியவான் யார்? எங்கோ பழகின ருசி போலவும் இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

போன ஞாயிறு பிரசங்கத்தில் வாயை விட்டுவிட்டார். "அந்த வீட்டை என் நாக்காலயே கண்டுபிடிப்பேன். திருநாள் பவனியில புனிதர் படத்தை அந்த வீட்டாரே முன்னால தூக்கிட்டு வரட்டும்." நாளை திருநாள். யாரும் முன்வரவில்லை, நாக்கும் இதுவரை உதவவில்லை. நாளைக்குப் பெயர் சொல்லாவிட்டால் கரிஃபல்யா ஒருத்தி போதும், ஆயுசுக்கும் அதைச் சொல்லிச் சிரிக்க.

கடைசி வீடு ஸ்த்ராதிசுடையது.

"அட, என்னுதுன்னே சொல்லிடுங்க ஃபாதர்" என்றான் அவன். "தோள்ல பலம் இருக்கு, தூக்கிடறேன்."

மனூசோஸ் உறிஞ்சினார். ஒரே ஒரு இருமல் வந்தது.

"முதல் தரம்தான். ஆனா அது இது இல்லை. ஸ்த்ராதிஸ், நீ மாடத்துல வைக்கறது எதுன்னு எனக்குத் தெரியும். ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குமே, அது."

அவன் தலையைச் சொறிந்தான். "புனிதருக்கு மூக்கு இருக்கும்னு நினைக்கலை ஃபாதர்."

தொங்கிய முகத்தோடு வீடு திரும்பினார். கிரேக்கச் சபைக் குருக்களுக்குக் குடும்பம் உண்டு; மனைவி ஆர்கிரோ அவித்த பயறும் ரொட்டியும் எடுத்து வைத்தாள்.

"கிடைச்சாங்களா?"

"இல்லை. ஊரே சிரிக்கப் போகுது."

"விடுங்களேன். குடுத்தவங்க பேரைத் தேடக் கூடாதுன்னுதானே வழக்கம்" என்றவள் கூடையைப் பார்த்தாள். "எலுமிச்சம்பழம் தீர்ந்துபோச்சு. தொடாதீங்க, கொல்லையில பறிச்சுட்டு வந்துடறேன்."

"இப்பல்லாம் எதைத் தொட்டாலும் எலுமிச்சை, எதைத் தின்னாலும் ஓமவல்லி வாசம். எண்ணெய் ருசி எங்கே போச்சுன்னே தெரியலை."

"டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் இல்லே? வேற எதைப் போட?" என்றபடி அவள் வேகமாக வெளியே போனாள்.

பசி பொறுக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்து, அடுப்படி ஜாடியிலிருந்த எண்ணெயில் தோய்த்து வாயில் போட்டார். மெல்லுவது பாதியில் நின்றது. ஜாடியைத் தூக்கி மோந்து பார்த்தார்.

ஈரச் சாக்கு. சந்தேகமே இல்லை, ஸ்த்ராதிஸ் புனிதருக்கு வைத்த எண்ணெய்.

எலுமிச்சம்பழங்களோடு வாசற்படியில் நின்றிருந்தாள் ஆர்கிரோ. அவர் கையிலிருந்த ஜாடியைப் பார்த்தாள்.

"உங்களை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிட்டுப் போனப்ப நேர்ந்துக்கிட்டேன்" என்றாள். "ஆளைத் திருப்பிக் குடு, எங்க வீட்டு நல்ல எண்ணெய் அத்தனையும் உன் விளக்குக்குன்னு. நமக்கும் சாப்பிட ஏதாவது வேணுமே. ஊர் குடுத்தது மாடத்துல சும்மா கிடந்துச்சு. அதுலயும் பொறுக்கித்தான் எடுத்தேன்."

ஊர் எண்ணெயை எல்லாம் தரம் பிரித்த மனிதர் ஜாடியைக் கீழே வைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, தட்டைப் பக்கத்தில் இழுத்தார்.

"எலுமிச்சையை இன்னும் நல்லாப் பிழிஞ்சுட்டு நீயும் உட்கார்ந்து சாப்பிடு" என்றார். "நாளைக்குப் படம் தூக்கப் போறவ பசியோட இருக்கக் கூடாது."